டென்மார்க்கின் தீவு ஊரில் துணி வாங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

டேனிஷ் மொழியில் துணிமணிக்கு ஒரு சொல் இருக்கிறது. அது நம் காதில் ஏறக்குறைய 'தோய்' என்று விழும். துணியைத் தோய்த்துக் காயப்போட்டு வளர்ந்த நமக்கு இது மறக்காது. துணிக்கடை 'தோய்புத்தீக்'. பெண்கள் உடை 'டேமெதோய்', ஆண்கள் உடை 'ஹெரெதோய்', குழந்தைகள் உடை 'போர்னெதோய்'. கடை வாசல் பலகையைப் படிக்க இந்த நாலு சொல் போதும்.

நான் டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் ஏரோ தீவுக்குக் கூட்டிப் போவது வழக்கம். வந்தவர்களுக்குத் தீவு பிடித்துவிடும், ஆனால் அங்கே உள்ள சின்னத் துணிக்கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி விழிப்பார்கள். அவர்களுக்காக எழுதியதுதான் இது.

படி 1: நாளையும் நேரத்தையும் பாருங்கள்

முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. சின்ன ஊர்க் கடைகள் வார நாட்களில் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 அல்லது 5.30க்கு மூடிவிடும். சனிக்கிழமை மதியம் 1 அல்லது 2 மணியோடு சரி. ஞாயிறன்று கதவு திறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் சுற்றுலாக் கூட்டம் இருப்பதால் கொஞ்சம் தளர்த்துவார்கள். குளிர்காலத்தில் வாரத்துக்குச் சில நாள் மட்டும் திறக்கும் கடைகளும் உண்டு. வாசலில் 'ஓபென்ட்' என்பது போல எழுதியிருந்தால் திறந்திருக்கிறது, 'லுகெத்' என்றால் மூடியாகிவிட்டது.

முதல்முறை நான் சனிக்கிழமை இரண்டரை மணிக்குப் போய் நின்றேன். தெருவில் ஒரு பூனையும் நானும்தான்.

படி 2: போய்ச் சேருங்கள்

ஏரோவுக்குப் பாலம் கிடையாது, கப்பலில்தான் போக வேண்டும். ஒடென்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஸ்வென்போர் என்ற துறைமுக ஊர் வந்துவிடும். ரயில் பாதை அங்கேயே முடிகிறது, துறைமுகம் நடை தூரம். அங்கிருந்து ஏரோஸ்கோபிங் ஊருக்குப் படகு 75 நிமிடம். தீவின் மேற்குக் கோடியில் உள்ள ஸோபி ஊருக்கு 'எலென்' என்ற முழு மின்சாரப் படகு 2019 முதல் ஓடுகிறது. ஆனால் அது வேறு பக்கத்திலிருந்து, ஃபுன்ஸ்ஹவ் துறையிலிருந்து கிளம்புவது. தீவில் இறங்கிய பிறகு பஸ் இலவசம்.

திரும்பும் படகின் நேரத்தைப் போனில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். கடையில் நேரம் போவதே தெரியாது.

ஏரோஸ்கோபிங்கில் துறையிலிருந்து மேலே ஏறும் வெஸ்டர்கேட தெருதான் கடைத்தெரு. கருங்கல் பாவிய தெரு, இருபுறமும் பழைய தாழ்ந்த வீடுகள். ஹாலிஹாக் செடிகள் சுவரோடு ஒட்டி ஆள் உயரத்துக்கு நிற்கும், செம்பருத்திக்கு உறவுக்காரி, பூவைப் பார்த்தாலே தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பு இந்தக் கல்லுக்கு ஆகாது.

படி 3: வாசலில் தொங்குவதைப் பாருங்கள், பிறகு கதவைத் திறங்கள்

வெயில் அடித்தால் கடைக்காரர்கள் சக்கரம் வைத்த கம்பித் தாங்கியில் துணிகளை மாட்டித் தெருவில் நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில் காவலுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் தள்ளுபடிச் சரக்கு இங்கேதான் தொங்கும். 'உட்ஸால்' என்ற சொல்லைத் தேடுங்கள், தள்ளுபடி விற்பனை என்று பொருள். ஜனவரியிலும் கோடை நடுவிலும் அது தெரு முழுக்கத் தெரியும். வெளியே எடுத்ததை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

கதவில் 'த்ரெக்' என்றால் இழுக்க வேண்டும், 'ஸ்கூப்' என்றால் தள்ள வேண்டும்.

படி 4: 'ஹை' சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் நம்மவர்கள் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெரிய கடைகளில் உள்ளே காலை வைத்ததும் "வாங்க, என்ன பார்க்கிறீங்க" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். நாம் பேசாமலே நடந்து போவோம், அது அங்கே சரி. இங்கே கடையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒருவர், பல நேரம் அவர்தான் முதலாளி. அவர் நிமிர்ந்து 'ஹை' என்பார், திரும்ப 'ஹை' சொல்ல வேண்டும். சொல்லாமல் துணியைப் புரட்ட ஆரம்பித்தால் ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் கேட்காமல் நுழைந்த மாதிரி ஆகிவிடும். சொல்லிவிட்டால் போதும், அரை மணி நேரம் நீங்கள் எதைத் தொட்டாலும் அவர் குறுக்கே வர மாட்டார்.

வராமல் இருப்பதை அலட்சியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் அத்தை அப்படித்தான் நினைத்து, "இவளுக்கு விற்க இஷ்டமில்லையா?" என்றார். வாங்குபவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது இவர்களுடைய மரியாதை. உதவி வேண்டுமா என்று கேட்டால், "யை கிகர் பா" என்று சொல்லுங்கள், சும்மா பார்க்கிறேன் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பேசினாலும் பதில் வரும். ஆனால் டேனிஷில் ஒரு வாக்கியம் தடுமாறிச் சொன்னால் முகம் மலர்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. எல்லோரையும் 'டு' என்றுதான் அழைப்பார்கள், நம் 'நீ' மாதிரி. எழுபது வயது அப்பாவையும் அப்படியே அழைப்பார்கள், கோபப்படாதீர்கள். 'தயவுசெய்து' என்பதற்கு நேரான சொல்லும் இந்த மொழியில் கிடையாது. வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'தக்' போட்டால் நன்றி, பணிவு இரண்டும் வந்துவிடும்.

படி 5: சீட்டைப் படியுங்கள்

'உல்' என்றால் கம்பளி, 'போமுல்' என்றால் பருத்தி, 'ஹோர்' என்றால் லினன். தீவில் காற்று ஓயாது, அதனால் கம்பளி ஸ்வெட்டரும் மழைக்கோட்டும்தான் வாங்கத் தக்கவை என்பது என் எண்ணம். மெல்லிய கோடை உடுப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த விலைக்கு நம் ஊரில் ஒரு அலமாரியையே நிரப்பிவிடலாம்.

கம்பளி ஸ்வெட்டரைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளங்கைக்கு அது தெரியாது. கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அரிப்பு அங்கேதான் முதலில் தெரியும். நான் இப்படிக் கண்ணாடி முன் ஸ்வெட்டரைக் கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றபோது கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. "க்ராஸர் டென்?" என்று கேட்டார், அரிக்கிறதா என்று. 'ஆமாம்' என்றதும் உள்ளே போய் மெரினோ என்ற மென்மையான கம்பளியில் வேறொன்று எடுத்து வந்தார்.

விலைச்சீட்டில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். 1.299,00 என்றால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர். 299,- என்று கோடு போட்டிருந்தால் காசு ஏதும் இல்லை, வெறும் 299. இங்கே நாணயம் குரோனர், யூரோ இல்லை. விலையில் 25 சதவீத வரி ஏற்கெனவே அடக்கம், பில் போடும்போது மேலே எதுவும் சேராது. பேரம் பேச வேண்டாம், இரண்டு பேருக்கும் சங்கடம்.

குழந்தை உடை அளவு வயதுக்கு இல்லை, உயரத்துக்கு. 98, 104, 110, 116 என்பதெல்லாம் சென்டிமீட்டர். குழந்தையை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 6: போட்டுப் பாருங்கள்

"மோ யை ப்ரோவெ டென்?" என்று கேட்டால் திரை போட்ட மூலையைக் காட்டுவார்கள், அதுதான் 'ப்ரோவெரூம்'. டேனியர்கள் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். தோள் சரியாக இருந்தாலும் கை நீளம் விரல் நுனியை மூடும். ஸ்வெட்டர் என்றால் மடித்துவிடலாம். பேன்ட் என்றால் அடி மடித்துத் தைப்பவர் ஊரில் யாராவது உண்டா என்று கடையிலேயே கேளுங்கள்.

படி 7: விலையைக் காதால் புரிந்துகொள்ளுங்கள்

299ஐ அவர் "டூ ஹுனறெத் நீ ஒ ஹல்ஃபெம்ஸ்" என்பார். 'நீ' என்பது ஒன்பது, உங்களைச் சொல்லவில்லை. முதலில் ஒன்று இடம், பிறகு பத்து இடம்: ஒன்பதும் தொண்ணூறும். 'ஹல்ஃபெம்ஸ்' தொண்ணூறு. ஐந்தாவதில் பாதி, அதாவது நாலரை, அதை இருபதால் பெருக்கு என்பது பழைய கணக்கு. ஐம்பது இரண்டரை இருபது, எழுபது மூன்றரை இருபது. கேட்டுச் சிரித்தேன், அப்புறம் நம் தொண்ணூறுக்குள் 'நூறு' எப்படி வந்து உட்கார்ந்தது என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது. புரியவில்லை என்றால் இயந்திரத்தின் திரையைப் பாருங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

படி 8: பணம், பை, பில்

கார்டைத் தட்டினால் போதும். உள்ளூர்க்காரர்கள் போனில் மொபைல்பே வழியே கட்டுவார்கள், சுற்றுலா வந்தவர்களுக்குக் கார்டுதான் எளிது. ரொக்கம் கொடுத்தால் 299,95 என்பது 300 ஆகும், ஏனென்றால் மிகச் சிறிய நாணயமே 50 ஓர, அதாவது அரை குரோனர். 'போஸெ?' என்று கேட்டால் பை வேண்டுமா என்கிறார், அது இலவசமில்லை. வீட்டிலிருந்து துணிப்பை கொண்டு போங்கள்.

அடுத்து "எர் டெ என் கேவெ?" என்று கேட்பார். பரிசா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லிப் பாருங்கள். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் அவசரப்படாமல் தாளை வெட்டி மடித்து, நாடாவைக் கட்டி, அதன் நுனியைக் கத்தரிக்கோலின் முதுகில் வைத்து ஒரு இழு இழுப்பார். நாடா சுருள் சுருளாகக் குதிக்கும். இதற்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது. கூடவே 'பித்தெமெர்கெ' என்ற மாற்றுச் சீட்டை ஒட்டித் தருவார், விலை தெரியாமல் வேறு அளவு மாற்றிக்கொள்ளலாம்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் நேரில் வாங்கிய பொருளை, மனம் மாறியது என்று திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி உரிமை இல்லை. கடைக்காரர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு, எத்தனை நாள் என்று அப்போதே கேளுங்கள். துணியிலேயே குறை இருந்தது என்றால் வேறு, அதற்கு இரண்டு வருடம் வரை புகார் செய்யலாம். பில் வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த விருந்தாளி 300 குரோனருக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், சின்னக் கடைகள் பல சேர்ந்திருக்காது. பணம் கட்டும் முன் 'டேக்ஸ் ஃப்ரீ' உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது 'ஹை ஹை'. ஒரு ஹை வரும்போது, இரண்டு ஹை போகும்போது.

படி 9: வீட்டுக்கு வந்து தோய்ப்பது

மெஷினில் கம்பளிக்கென்று தனிப் பொத்தான் இருக்கும், 30 டிகிரி. உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் கை இரண்டும் முழங்காலுக்கு நீண்டுவிடும். துண்டு விரித்துத் தட்டையாகக் காயப்போடுங்கள்.

நான் கழுத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த மெரினோ ஸ்வெட்டரை அடுத்த வாரமே படுக்கை விரிப்போடு சேர்த்து 60 டிகிரியில் போட்டுவிட்டேன். இப்போது அதை அக்கா மகள் போட்டுக்கொள்கிறாள். அவள் அளவு 116, கை நீளம்கூடச் சரியாக இருக்கிறது.