டாட்டூவை லேசரில் எடுக்கக் கிளம்பும் முன்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

வெயிலில் அலையாதீர்கள், கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், கண்ணுக்குக் கவசம் போடுங்கள் என்பதையெல்லாம் எந்தக் கிளினிக்கிலும் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. லேசர் அறையில் வேலை பார்க்கும் தோல் மருத்துவராக என் கவலை, அந்தத் தாள் கைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றி. எடுக்கலாமா, விடலாமா, எவ்வளவு எடுப்பது, யாரிடம் போவது என்று யோசிக்கிற அந்தச் சில வாரங்களில்தான் பாதிச் சேதம் நடந்து முடிந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் அதே குழியில் விழுகிறார்கள். புதிதாகப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களும், அந்த வயதில் நாங்கள் சொன்னதையே, "ஆறு சிட்டிங்கில் போயிடும்" என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார்கள்.

"ஆறு சிட்டிங்" என்ற எண்ணை நம்பிக் கிளம்புவது

லேசர் மையை அழிப்பதில்லை. பாறைக்கு வேட்டு வைத்து ஜல்லியாக்குவது போல உடைக்கிறது, அவ்வளவுதான். ஜல்லியை அள்ளிக்கொண்டு போவது உங்கள் உடம்பின் வேலை. உள்தோலில் மேக்ரோஃபேஜ் எனும் செல்கள் மைத்துகளை விழுங்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தச் செல் செத்தால், அது விட்டுப்போன மையைப் பக்கத்தில் புதிதாக வரும் இன்னொரு செல் விழுங்கிக்கொள்கிறது என்பதை 2018-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. டாட்டூ ஆயுளுக்கும் நிற்பதன் ரகசியம் அதுதான். லேசர் பட்டபின் பொடியான துகள்களில் ஒரு பகுதி நிணநீர் வழியே போகிறது; மிச்சத்தை மறுபடியும் விழுங்கிக்கொள்ள ஆள் தயார்.

இத்தாலியில் 352 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 10 சிட்டிங் முடிவில் டாட்டூ வெற்றிகரமாக நீங்கியவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம். 15 சிட்டிங் முடிவில் 75 சதவீதம். அதாவது 15 முடிந்தும் நான்கில் ஒருவருக்கு மிச்சம் இருந்தது. புகைபிடிப்பவர்கள், கால், பாதத்தில் குத்திக்கொண்டவர்கள், 30 சதுர சென்டிமீட்டரைவிடப் பெரிய டாட்டூ வைத்திருப்பவர்கள், எட்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விட்டவர்கள் எல்லோருக்கும் பலன் குறைவு. 2009 முதல் கிர்பி-தேசாய் அளவுகோல் என்று ஒன்று புழக்கத்தில் உள்ளது. தோலின் நிறம், டாட்டூ இருக்கும் இடம், மையின் நிறம், மையின் அளவு, தழும்பு, ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்திய அடுக்கு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு எத்தனை சிட்டிங் ஆகலாம் என்று கணிப்பார்கள். அதுவும் ஒரு கணிப்புதான். ஆனால் இந்த ஆறில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போனிலேயே எண் சொல்பவரிடம் போகாதீர்கள்.

முடி நீக்கும் மெஷினில் எடுப்பது

முடி நீக்கப் பயன்படும், லேசர் அல்லாத பளிச்சொளி மெஷினான ஐ.பி.எல். டாட்டூவுக்கானது அல்ல. மையை உடைக்க நானோசெகண்டிலோ பிக்கோசெகண்டிலோ அடிக்கும் லேசர் வேண்டும்; இது மில்லிசெகண்டில் அடிக்கிறது. மை உடையாது, தோல் வேகும்.

கிரீம், ஆசிட், உப்புத் தேய்ப்பு

வேண்டாம்.

"முதலில் மேலே ஒன்றைக் குத்தி மறைத்துப் பார்ப்போம்"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இது. பணமும் அதிகம் போவது இதில்தான்.

ஓர் இளைஞர் வந்தார். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பெயர் எழுதியிருந்திருக்கிறார். மெல்லிய கோடு, வெறும் கறுப்பு மை. லேசருக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது, ஏனென்றால் கறுப்பு எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சும். உறவு முறிந்த சூட்டோடு போய் அதன்மேல் ஒரு கழுகு குத்திக்கொண்டார். சில மாதம் கழித்துப் பார்த்தால் பெயரின் முதலெழுத்து வளைவு கழுகின் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதை மறைக்க இறக்கையில் இன்னோர் அடுக்கு கறுப்பு, பின்னணிக்குப் பச்சையும் நீலமும். என்னிடம் வந்தபோது முன்கையில் பாதி வரை ஏறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினார். இறக்கைக்கு நடுவே அந்தப் பெயரின் கோடு மேடாக விரலில் தட்டியது. "இன்னும் இருக்கா சார்?" என்றார்.

இருக்கத்தான் செய்யும். கவர் அப் என்றால் பழைய மையின் மேல் திரை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உள்தோலில் அப்படி மேல், கீழ் என்று தட்டு கிடையாது. புது மையும் பழைய மையும் ஒரே இடத்தில் கலந்து நிற்கின்றன. கலந்தபின் பழையது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் புதியது இன்னும் அடர்த்தியாகவும் அகலமாகவும் இருந்தாக வேண்டும். ஆக, மறைக்க மறைக்க டாட்டூ வளரும்.

லேசர் பக்கம் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கறுப்புக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் போதும். மாநிறத்துக்கும் கருத்த தோலுக்கும் பாதுகாப்பானதும் அதுதான், மேல்தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பச்சை, நீலம் வந்துவிட்டால் 694 அல்லது 755 வேண்டும். சிவப்புக்கு 532. இந்த அலைநீளங்கள் எல்லாம் மெலனினையும் தாக்கும்; கருத்த தோலில் வெள்ளைத் திட்டோ கரும்படையோ விழும் வாய்ப்பு கூடுகிறது. மை அடர்த்தியாக இருந்தால் ஒவ்வோர் அடியிலும் சூடும் அதிகம், கொப்புளமும் அதிகம், தழும்புக்கான வாய்ப்பும் அதிகம். ஒரு மெஷினில் முடிந்திருக்க வேண்டிய சின்ன வேலை, இரண்டு மூன்று அலைநீளத்தில் வருடக்கணக்கில் இழுக்கும் வேலையாக மாறிவிட்டது. அந்த இளைஞர் சிகிச்சையைத் தொடங்கினார், பாதியில் நின்றுவிட்டார். கழுகு இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

கவர் அப் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வரிசைதான் தப்பு. முதலில் லேசரில் சில சிட்டிங் போட்டுப் பழையதை மங்கச் செய்துவிட்டால் அதன்மேல் குத்துகிறவருக்குக் கை தாராளமாகும். கறுப்பைக் கொட்ட வேண்டியதில்லை, மெல்லிய கோடும் நிழலும் போதும். முழுதாக எடுப்பதற்கு ஆகும் சிட்டிங்கும் இதற்குத் தேவையில்லை. கடைசி சிட்டிங்குக்கும் ஊசிக்கும் நடுவே தோல் ஆற இரண்டு மூன்று மாதம் விடுங்கள். வேலை தெரிந்த டாட்டூ கலைஞர்கள் அவர்களே, "போய் மங்க வச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைக்கிறார்கள். "அதெல்லாம் மறைச்சிடலாம், உட்காருங்க" என்பவரிடம்தான் ஜாக்கிரதை.

அதனால் என்னிடம் முதல் தடவை வருபவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தோல் சுத்தமாக வேண்டுமா, இல்லை அந்தப் படம் மட்டும் போனால் போதுமா? பாதிப் பேருக்கு இதற்குப் பதில் கைவசம் இருப்பதில்லை. பதில் கிடைக்கும்வரை யாரிடமும், என்னிடமும்கூட, கையை நீட்டாதீர்கள்.

இடைவெளியை நெருக்கச் சொல்வது

தேதி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். கல்யாணம், நேர்காணல், வெளிநாட்டுப் பயணம். "மாசத்துக்கு ரெண்டு தடவை அடிச்சிடுங்களேன்." ஜல்லியை அள்ளுகிறவனை விரட்டினால் வேகம் வராது. அடித்தவுடன் தோல் பனி படிந்தது போல வெளுக்கும். அது சூட்டில் உண்டாகும் வாயுக் குமிழி, அரைமணிக்குள் அடங்கிவிடும். அந்த வெளுப்பைப் பார்த்து மை போய்விட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம். தேதிக்கு முடியாது என்று தெரிந்தால் மேக்கப்பில் மறைத்துக்கொண்டு போங்கள், வந்து நிதானமாகத் தொடங்கலாம்.

உதடு, புருவம், தோல் நிற மையை டெஸ்ட் பேட்ச் இல்லாமல் சுடுவது

நிரந்தர மேக்கப் என்று குத்தும் மையிலும், வெள்ளை, ரோஸ், தோல் நிற மைகளிலும் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருப்பது சகஜம். லேசர் பட்ட நொடியில் அவை வேதிமாற்றம் அடைந்து கறுத்துவிடலாம். ரோஸ் நிற உதட்டுக் கோடு கண்ணெதிரே கரிக்கோடாக மாறுவதைப் பார்த்த பிறகு யாரும் அவசரப்பட மாட்டார்கள். கறுத்ததை மறுபடி சுட்டு எடுக்க முயலலாம், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. மறைவான ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் அடித்துவிட்டுக் காத்திருங்கள். காத்திருக்கப் பொறுமையில்லாத கிளினிக் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தழும்பும் சேர்ந்து போய்விடும் என்று நம்புவது

போகாது. விரலில் தட்டும் மேடு, டாட்டூ குத்திய ஊசி உண்டாக்கிய தழும்பு. லேசருக்கு மை மட்டும்தான் தெரியும்.

சிவப்பு அரிக்கிறது என்று லேசருக்கு ஓடி வருவது

மையின் ஒரு நிறத்தில் மட்டும், பெரும்பாலும் சிவப்பில், வீங்கி அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதை லேசரில் உடைத்தால் ஒவ்வாத பொருள் உடம்பெங்கும் பரவும். கடுமையான ஒவ்வாமை வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இதற்கு முதலில் வேண்டியது மருந்து. தேவைப்பட்டால் வெட்டி எடுக்கலாம்.

வெட்டுவது என்றதும் முகம் சுளிக்காதீர்கள். தோல் தளர்வாக இருக்கும் இடத்தில் நகம் அளவு டாட்டூ என்றால் ஒரே தடவையில் வெட்டித் தைத்து, ஒரு கோட்டுத் தழும்போடு வீட்டுக்குப் போய்விடலாம். பத்து சிட்டிங்கைவிட அது சிலருக்குப் பொருந்தும். கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டி மேடாகப் பெருகும் தழும்பு, வளரும் உடம்புக்காரர்களுக்கு இது ஆகாது. அவர்கள் லேசரையும் யோசித்துத்தான் தொட வேண்டும்.

பழைய மருந்துச் சீட்டைச் சொல்லாமல் விடுவது

முகப்பரு மாத்திரை, கர்ப்பம் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். யாரும் கேட்காதது தங்கம். முடக்குவாதத்துக்கு முன்பு தங்க உப்பு ஊசி போடுவார்கள். எப்போதோ போட்டுக்கொண்டவராக இருந்தாலும் இந்த லேசர் பட்ட இடம் சிலேட்டு நீலமாக மாறிவிடலாம், அது மாறினால் போக்குவது பெரும்பாடு. மூட்டுவலிக்கு நீண்ட காலம் வைத்தியம் பார்த்தவர்கள் தாமாகவே சொல்லிவிடுங்கள்.

டாட்டூவுக்குள் இருக்கும் மச்சம்

அதைச் சுட மாட்டோம். லேசர் நிறத்தை மங்கச் செய்துவிட்டால், அந்த மச்சம் பின்னால் புற்றாக மாறினாலும் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் இருந்தால் முதலில் மச்சத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். சந்தேகம் இல்லையென்றால் அதை விட்டுச் சுற்றிவரத்தான் அடிப்போம், மச்சத்தை ஒட்டி ஒரு வளையம் அளவுக்கு மை நிற்கும். அந்த வளையத்துக்குச் சம்மதம் என்றால் தொடங்கலாம்.