செக் திரும்பி வந்தது, பணம் கைக்கு வந்த விதம்

பத்தமடையில் கோரைப் பாய் வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். மதுரைக் கடைக்காரர் ஒருவர் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. போன் போட்டால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்பார்.

அந்த அடுத்த வாரத்தை நம்பி உட்கார முடியாது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். செக்கின் 3 மாத ஆயுள் இன்னும் முடியாமல் இருந்தால் மறுபடி வங்கியில் போடலாம். என் செக்குக்கு அதுவும் முடிந்திருந்தது.

தெரிந்த வக்கீலைப் பார்த்தேன். செக் எண், தொகை, திரும்பிய காரணம் எல்லாம் போட்டு, ஒப்புகை அட்டையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். 1881-ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டம், 138-ஆவது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வழக்குக்கு மதுரைக்கு அலையணுமே என்பதுதான் என் கவலை. தேவையில்லையாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை நம் கணக்கில் போட்டால், நம் வங்கிக் கிளை இருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே வழக்கு. என் கணக்கு அம்பாசமுத்திரத்தில். அதாவது அவர்தான் பஸ் ஏறி வரவேண்டும்.

அது அவருக்கும் புரிந்திருக்கும் போல. கெடு முடியும் முன்னே முழுத் தொகையும் கணக்கில் ஏறிவிட்டது. வக்கீல் பீஸ் மட்டும் என் கையிலிருந்து போனது.