நல்லது செய்யப்போய்த் தவறிய பணியாளரிடம் நடவடிக்கை எடுக்கும் முறை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டின் கணக்கையும் ஆட்களையும் நான் கவனித்துவந்த காலத்தில், வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகாத பையன் ஒருவன், வளவுப் பத்தியில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பதித்திருந்த ஆத்தங்குடிக் கற்களில் படிந்த துருக்கறையைப் போக்குவதற்காக, கழிவறைக்கென்று வாங்கி வைத்திருந்த ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டான். அந்தக் கல்லின் பளபளப்பு சூளையில் சுட்டு வருவதன்று. கண்ணாடித் தகட்டின் மீது வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி வார்ப்பதால், கண்ணாடியின் வழவழப்பைக் கல்லின் முகம் வாங்கிக்கொள்கிறது. ஆசிட் சிமெண்டை அரிக்கும். பதினோரு கற்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போயின. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் பழைய முகம் திரும்பவில்லை. "ஆச்சி ஊர்லேருந்து வர்றதுக்குள்ள பளிச்சுன்னு ஆக்கி வச்சிரலாம்னுதாண்ணே தேச்சேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது என்பதில்தான் நம் பக்கத்து முதலாளிகள் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் "பாவம், நல்லதுக்குத்தானே செய்தான்" என்று பேச்சோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் நட்டத்தைக் கண்ட ஆத்திரத்தில் அன்றைக்கே சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். நான் கண்டவரையில், செயலை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, நோக்கத்தைத் தனியே விசாரித்து, அதைக் கொண்டு தண்டனையின் அளவை மட்டும் முடிவு செய்வதே பின்னால் சிக்கல் தராத வழி.

முதல் நாளில் செய்யவேண்டியது அதிகமில்லை. சேதம் பரவாமல் தடுங்கள், பொருளையோ கணக்கையோ உள்ளபடி படம் எடுத்து வையுங்கள், மற்ற ஆட்கள் முன்னிலையில் குரலை உயர்த்தாதீர்கள். மறுநாள் அவரைத் தனியே உட்காரவைத்து, நடந்ததை அவருடைய சொற்களிலேயே எழுதி வாங்குங்கள். எழுத வராதவர் என்றால், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, படித்துக் காட்டி, அவர் நம்புகிற ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்தோ கைந்நாட்டோ பெறுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் மன்னிப்புத்தான் பதிலாக வரும். "செய்வதற்கு முன் யாரிடம் கேட்டிருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் சொன்ன பதில் எனக்குச் சுருக்கென்றது: தரை துடைக்கும் திரவமும் ஆசிட்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் புட்டிகளில், பெயர் ஒட்டாமல் இருந்தன, மேற்பார்வையாளரோ அன்று சாமான் வாங்கக் காரைக்குடிக்குப் போயிருந்தார். தவற்றில் பாதி எங்களுடையது. விசாரணைக் குறிப்பில் அதையும் எழுதினோம். மேற்பார்வையாளருக்கும் ஒரு மெமோ போயிற்று.

வாக்குமூலம் கைக்கு வந்தபின், நடந்தது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அறியாமல் செய்ததற்குப் பயிற்சியும் ஓர் எழுத்துக் குறிப்பும் போதும். அதிகாரத்தை மீறிச் செய்தது என்றால், உதாரணமாகப் பலகாரக் கடையில் நிற்பவர், விசேஷத்துக்கு அவசரமாகச் சீப்புச்சீடையும் தேன்குழலும் கேட்டு வந்த பழைய வாடிக்கையாளருக்கு யாரையும் கேளாமல் கடனாகக் கொடுத்தனுப்பினார் என்றால், அவர் எவ்வளவு தொகை வரை தாமாக முடிவெடுக்கலாம் என்பதை நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு அவரைக் கேளுங்கள்.

நல்லெண்ணத்தோடு மறைத்துச் செய்வதுதான் மிகவும் சிக்கலானது. நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில், கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண், இரவில் எண்ணிப் பார்க்கையில் 340 ரூபாய் குறைவதைக் கண்டு, கடையில் யார் மீதும் பழி வரக்கூடாது என்று தம் கைப்பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினார். ஒரு முறையல்ல, மூன்று மாதத்தில் ஐந்து முறை. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், மாலை நேரத்தில் பில் போட்ட உதவியாளர், வாடிக்கையாளர்கள் போனில் கட்டிய பணத்தையும் ரொக்கம் என்றே பதிந்திருக்கிறார். ரொக்கம் குறைந்த அளவுக்கு வங்கிக் கணக்கில் பணம் கூடியிருந்தது. அந்த அம்மா தம் சொந்தக் காசைக் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய நேர்மையில் ஐயமே இல்லை. ஆயினும் அந்த ஐந்து இரவுகளின் கணக்கும் பொய்க்கணக்கு, அதை அவர்தான் எழுதினார்.

இதை இந்தச் சீமையில் விளக்குவது எளிது. முதலாளி ஊரில் இருக்க, பர்மாவிலும் மலாயாவிலும் கடையை நடத்திய ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்டவர்கள். கடல் தாண்டி வரும் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கை வைத்துத்தான் கடையின் நிலையை முதலாளி அறியவேண்டியிருந்தது. ஏஜெண்டு தம் பணத்தைப் போட்டுக் குறையை மூடியிருந்தால், மூடியது நல்ல மனதோடுதான் என்றாலும், ஊரில் இருப்பவருக்கு அந்த ஐந்தொகையால் பயனில்லை. நான் அந்தப் பெண்ணிடம் இதையே சொன்னேன். அவர் போட்ட பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே நாளில் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தோம். பணத்தை மட்டும் கொடுத்துக் கடிதத்தை விட்டிருந்தால், செய்ததைக் கடை ஏற்றுக்கொண்டதாகவே அவர் எண்ணியிருப்பார்.

சட்டத்தையும் கவனத்தில் வையுங்கள். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும், அபராதம் அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. அபராதமோ சேதத்துக்கான பிடித்தமோ, பணியாளருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் செய்யக்கூடாது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. தவறான நடத்தைக்காக முன்னறிவிப்பின்றி நீக்குவதென்றால் முறையான விசாரணையும் அதில் பதிவான சாட்சியமும் வேண்டும். சூழ்நிலையை எடைபோடுவதில் நேர்ந்த பிழை தன்னளவில் தவறான நடத்தை ஆகிவிடாது, ஆனால் விளைவு ஈடுசெய்ய முடியாததாகவோ சேதம் மிகப் பெரிதாகவோ இருந்தால் நிலைமை வேறு என்று, அசாம் அதிகாரி ஒருவர் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கோபத்தில் எடுக்கும் முடிவு இத்தனையையும் கடந்து நிற்பது அரிது.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். பையனுக்கு நாங்கள் கொடுத்தது நான்கே வரி: "தரையைத் தூய்மையாக வைக்கவே தாங்கள் முயன்றீர்கள் என்பதை ஏற்கிறோம். தாங்கள் ஊற்றிய ஆசிட்டால் 11 கற்கள் சேதமடைந்தன. ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் தவிர எதையும் மேற்பார்வையாளரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது. இது மீண்டும் நேர்ந்தால் விசாரணை நடத்தப்படும்." சம்பளத்தில் எதுவும் பிடிக்கவில்லை. பாராட்டையும் கண்டனத்தையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து "நல்லதுதான், ஆனாலும்" என்று எழுதினால், படிப்பவர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்.

கடிதம் எத்தனை காலம் கோப்பில் இருக்கும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். நாங்கள் ஆறு மாதம் என்று சொன்னோம். ஆறு மாதம் முடிந்ததும் அதை எடுத்து அவனிடமே கொடுத்தோம். வெளுத்த கற்களில் பூக்கல் ஏழையும் ஆத்தங்குடியில் அதே அச்சில் வார்த்து மாற்ற முடிந்தது; ஓரக்கல் நான்கிற்கு அச்சு கிடைக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களை முதல் நாள் வளவுக்குள் அழைத்துப்போய் அந்த நான்கு கற்களைக் காட்டினோம். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை.