தட்டாமல் விட்ட ஒரு கதவு

இடிச் சத்தத்தில் மிரண்ட எங்கள் நாய், நான் திறந்து வைத்திருந்த கேட் வழியே ஓடிவிட்டது. முதல் 2 மணி நேரத்தைப் பெயர் சொல்லிக் கத்தியே வீணாக்கினேன். பிறகுதான் புத்தி வந்து வீடு வீடாகப் போனேன். "நாயைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் உதட்டைப் பிதுக்குவதோடு முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் படத்தைக் காட்டி, "இடது காதில் வெட்டு, கழுத்தில் சிவப்புப் பட்டை. கண்டால் துரத்தாதீர்கள், எனக்கு அழையுங்கள்" என்று சொல்லி, எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தேன். மிரண்ட நாயைத் துரத்தினால் இன்னும் தூரம்தான் ஓடும்.

பெரியவர்களைவிடப் பேப்பர் போடும் பையன்தான் கவனமாகக் கேட்டான். தெருவை உண்மையில் பார்ப்பவன் அவன்தானே! மறுநாள் விடியற்காலையில் அவனிடமிருந்து அழைப்பு. நான்காவது வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. அந்தக் கதவை மட்டும் நான் தட்டவில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.