ஒரே வசனத்துக்குத் திரும்பத் திரும்பச் சிரிக்கிற ஆளா நீங்கள்? கண்டுபிடிப்பது எப்படி

பிபிசியின் ‘லிட்டில் பிரிட்டன்’ காமெடித் தொடரில் ஒரு எபிசோடு மட்டும் பார்த்துவிட்டு மொக்கை என்று முடிவு கட்டாதீர்கள், குறைந்தது மூன்று பாருங்கள். டேவிட் வாலியம்ஸ் நடிக்கும் கேரல் என்ற ஊழியர், எதிரே யார் வந்து என்ன கேட்டாலும் கீபோர்டைத் தட்டிவிட்டு ‘கம்ப்யூட்டர் முடியாதுங்குது’ என்பார். முதல் தடவை அது வெறும் வசனம்தான், ஆனால் மூன்றாவது தடவை அவர் தட்ட ஆரம்பிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டால், வரப்போவது தெரிந்திருப்பதே உங்களுக்குச் சுகம். வராவிட்டால் உங்களுக்கு எதிர்பாராத திருப்பம் வேண்டும். அதில் தப்பே இல்லை.

அப்புறம், யாரோடு பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2003-ல் தொடங்கிய தொடர் டிவியில் ஓடிய காலத்தில் பள்ளியில் அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லி விளையாடியவர்களுக்கு அது நண்பர்களின் குரலும்தான்; இன்று தனியாகப் பார்ப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது.

வாக்குவாதம் வந்தால், ‘இதெல்லாம் காமெடியா?’ என்று கேட்காமல் எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். வசனம் சலித்ததா, இல்லை யாரைக் கேலி செய்கிறார்கள் என்பது உறுத்தியதா? இரண்டும் வேறு வேறு. வெள்ளை நடிகர்கள் கறுப்பர் வேடம் போட்டது இரண்டாவது வகை, 2020-ல் பிபிசி இத்தொடரைத் தன் இணையவழி வீடியோ சேவையான ஐபிளேயரிலிருந்து நீக்கியபோது பேச்சும் அதைப் பற்றித்தான்.