பழைய மர அலமாரியின் நாற்றத்தைப் போக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய அலமாரி நாற்றமடித்தால், பெரும்பாலோர் முதலில் கதவையும் மேற்பலகையையும் தேய்த்துத் துடைக்கிறார்கள். பாலிஷ் பூசிய அந்தப் பரப்புகள் எதையும் எளிதில் உறிஞ்சுவதில்லை. நாற்றம் ஊறியிருப்பது பாலிஷ் படாத இடங்களில்தான்: இழுப்பறையின் அடிப்பகுதி, தட்டுகளின் கீழ்ப்புறம், சுவரை ஒட்டி நிற்கும் முதுகுப் பலகை. ஆகவே, இழுப்பறைகளைக் கழற்றி, ஒட்டியிருக்கும் பழைய செய்தித்தாளையும் உரித்தெடுத்து, ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே முகர்ந்து பார்ப்பதே முதல் வேலை. எலிப் புழுக்கையோ பூஞ்சையோ கண்ணில் பட்டால், கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு, தூசி பறக்காதவாறு ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

நாற்றத்தை வாசனையால் மூடப் பார்ப்பது அடுத்த தவறு. ரூம் ஸ்பிரேயும் சாம்பிராணிப் புகையும் ஓரிரு நாளுக்குத்தான் தாங்கும். அந்துருண்டை இன்னும் மோசம். அது காற்றில் ஆவியாகக் கலந்து மரத்திலும் துணியிலும் படிந்துவிடும். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பதால், குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் அதற்கு இடமே இல்லை.

மரத்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் விளையும் சேதம் மிகப் பெரிது. பழைய சாமான்களின் பொருத்துகளில் இருக்கும், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்த வச்சிரப் பசை நீரில் இளகிவிடும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் உப்பி எழும்பும். உள்ளே தங்கும் ஈரம் பூஞ்சையை மீண்டும் வளர்க்கும். கழுவிய சூட்டோடு உச்சிவெயிலில் நிறுத்தினாலோ, ஒரு பக்கம் மட்டும் விரைவாகக் காய்ந்து பலகை வளைந்து வெடிக்கும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் கதவுகளைத் திறந்தபடி பல நாட்கள் உலரவிடுவது போதும். மழைக்காலத்தில் இது இழுத்தடிக்கும் வேலைதான். கோடைவரை பொறுப்பது நல்லது.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும், இரண்டின் வீரியமும் போய்விடும். பிளீச்சிங் பவுடருடன் வினிகரைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். சோடாவைத் தனியே பயன்படுத்துவதானால், கிண்ணத்தில் போட்டு உள்ளே வையுங்கள். ஈரமான தேக்கின் மேல் நேரடியாகத் தூவினால் கருங்கறை படியக்கூடும்.

மீதமிருக்கும் நாற்றத்தை அடக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை உட்புறத்தில் இரண்டு முறை பூசலாம். மரம் முழுவதும் உலருமுன் பூசினால் ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசியில் ஈயம் மிகுதியாக இருக்கலாம்.

எலி மூத்திரம் ஊறிய பிளைவுட் முதுகுப் பலகையோடு மட்டும் போராட வேண்டாம். தச்சரிடம் சொல்லி அதைக் கழற்றிப் புதிய பலகை அடித்துவிடுவதே நல்லது.