கடலுக்கு முதுகு காட்டினால் கிப்லா ஆகிவிடுமா? கடலூர், புதுச்சேரி வீடுகளில் திசை பிடிக்கும் முறை

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா (தொழுகையில் முகம் நோக்க வேண்டிய கஅபாவின் திசை) என்பது நம் கரையோரத்தில் பழகிப்போன கணக்கு. பாதிதான் சரி. இங்கே கரை நேர் வடக்கு தெற்காக ஓடவில்லை, வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. அதை ஒட்டிப் போட்ட புதுச்சேரி வீதிகளும் அப்படியே. மக்காவிலுள்ள கஅபா இங்கிருந்து ஏறத்தாழ 4,380 கி.மீ. தொலைவில், நேர் மேற்கிலிருந்து வடக்கே 19 முதல் 20 டிகிரி தள்ளி இருக்கிறது. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் 289.5 டிகிரி. பரங்கிப்பேட்டை முதல் காலாப்பட்டு வரை இது ஒரு டிகிரிகூட மாறாது.

திசையே ஒருமுறை மாறியிருக்கிறது. ஹிஜ்ரத்துக்குப் (மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததற்கு) பின் 16 அல்லது 17 மாதம் நபிகளார் (ஸல்) ஜெருசலேமிலுள்ள பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள். ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) கஅபாவைச் சுற்றியுள்ள மஸ்ஜிதுல் ஹராம் பள்ளியின் பக்கம் முகத்தைத் திருப்பும்படி வசனம் இறங்கியது (குர்ஆன், அல்பகரா 144). மதீனாவிலிருந்து பார்த்தால் முன்னது வடக்கு, பின்னது தெற்கு. ஆகவே தொழுகையின் நடுவிலேயே வரிசைகள் நேர் எதிராகத் திரும்ப வேண்டியதாயிற்று. மதீனாவின் மஸ்ஜிதுல் கிப்லதைன், அதாவது இரு கிப்லாப் பள்ளி, அந்த நிகழ்வின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திசை பிடிக்க மிக நம்பகமான கருவி வெயில்தான். மே 28 பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57க்கும் (லீப் வருடத்தில் ஒரு நாள் முன்னதாக) சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா. ஜூலையில் மேகம் மறைக்கலாம். கத்திரி முடிகிற மே மாதத்தையே நம்புங்கள். மொட்டைமாடியில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். நிழலின் நுனியிலிருந்து குண்டை நோக்கிப் போகும் திசை கிப்லா. மூன்றடி உயரத்துக்கு நிழல் இரண்டரை அடி விழும்.

இரண்டு மூன்று நிமிடம் பிந்தினாலும், ஒரு நாள் தவறினாலும் பெரிதாகக் கெடாது. கெடுப்பது சாய்ந்த குச்சி: மூன்றடிக் குச்சி பக்கவாட்டில் ஓர் அங்குலம் சாய்ந்தால் ஏறத்தாழ இரண்டு டிகிரி தவறிப்போகும். குச்சியை விட்டு நூலைச் சொல்வது அதனால்தான். காற்றடித்தால் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவிடுங்கள், ஆடாது.

மே வரை காத்திருக்க முடியாதா? சமதரையில் நேராக ஒரு குச்சி நட்டு, காலை 9 மணி நிழலின் நீளத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்டு, நிழல் தொட்ட இடத்தைக் குறியுங்கள். பிற்பகல் இரண்டே முக்காலுக்கும் நான்கு மணிக்கும் இடையில் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடும். இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. காலைப் புள்ளி இருப்பது மேற்குப் பக்கம். அந்தக் கோட்டில் மேற்கே 100 செ.மீ. அளந்து, அங்கிருந்து செங்குத்தாக வடக்கே 35 செ.மீ. போய், தொடங்கிய இடத்தோடு சேருங்கள். அந்தச் சாய்கோடுதான் கிப்லா.

செல்போன் காம்பஸ் கடைசி வழி. பீரோ, இன்வெர்ட்டர் பேட்டரி, காந்தம் வைத்த போன் உறை, தளத்தில் ஓடும் கம்பி எல்லாமே முள்ளை இழுக்கும். மூன்று இடத்தில் பார்த்து மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர் மேற்காகக் கட்டிய பழைய பள்ளியைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம். தொலைவில் இருப்பவருக்குத் திசை போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) நிலைப்பாடு. கஅபாவையே குறிவைக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. பள்ளியின் ஸஃப்பை (தொழுகை வரிசையை) மாற்றுவது ஜமாஅத்தும் ஆலிமும் (மார்க்க அறிஞரும்) கூடி முடிவு செய்ய வேண்டியது. உங்கள் வீட்டு அறை உங்கள் பொறுப்பு.

மாடிக் கோட்டுக்கு இணையாக நூல் பிடித்து அறைக்குள் இறக்கிய பிறகு, டைல்ஸ்மேல் பெயிண்டால் அழுத்தமாகவே குறியுங்கள். இல்லாவிட்டால் முசல்லாவை (தொழுகை விரிப்பை) சுவருக்கு நேராக இழுத்துவிடத்தான் கை போகும்.